வேலையை விடும் முன் பஞ்சாங்கம் பார்த்தீர்களா?

12 ஜூன் 2023 – கேள்வி

"வயது 29. கோவையில் ஐடி வேலை, கைக்கு 58,000 வருகிறது. இரண்டு வருடமாகச் சனி, ஞாயிறுகளில் கல்யாண போட்டோ எடுக்கிறேன். இதுவரை 22 ஆர்டர். ஆறு மாதச் சம்பளம் சேர்த்து வைத்திருக்கிறேன். இந்த மாதக் கடைசியோடு வேலையை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். வீட்டில் வேண்டாம் என்கிறார்கள். பிடித்ததைச் செய்தால் காசு தானாகப் பின்னால் வரும் என்பது என் நம்பிக்கை. முழுநேரமாக இதில் இருப்பவர்கள் சொல்லுங்கள்."

12 ஜூன் 2023, இரவு – என் பதில்

நம்பிக்கை இருக்கட்டும் தம்பி. பஞ்சாங்கம் பார்த்தீர்களா? மாதக் கடைசி என்றால் ஜூன் 30. அதற்கு 17ஆம் நாள் ஆடி பிறக்கிறது.

நானும் பார்க்கவில்லை. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக, அதாவது சரக்கு வாங்கும் பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நிற்கிறவனாக இருந்தேன், கைக்கு 31,000. 2016 ஜூலை 31 கடைசி நாள். ஆகஸ்ட் 1 காலை கண் விழித்தபோது மணி ஒன்பது. பையர் மெயில் இல்லை, சாம்பிள் எங்கே என்று கேட்க ஆள் இல்லை. அந்தச் சுகத்தை இன்னும் மறக்கவில்லை. மறுநாள் ஆடிப்பெருக்கு. பைக்கை எடுத்துக்கொண்டு பவானி கூடுதுறைக்குப் போய் நாள் முழுக்கப் படம் எடுத்தேன். மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்ளும் பெண்கள், தண்ணீரில் மிதந்து போகும் விளக்கு, ஈரத் துணியோடு ஓடும் பிள்ளைகள். பேஸ்புக்கில் 700 லைக் விழுந்தது. ஆடி முடியும்வரை போன் ஒருமுறைகூட அடிக்கவில்லை.

கல்யாணம் எடுப்பவனுக்கு வருடம் ஒன்பது மாதம்தான். ஆடி, புரட்டாசி, மார்கழி கழிந்துவிடும். மிச்ச ஒன்பதிலும் முகூர்த்த நாள்தான் கணக்கு. அதிலும் எல்லோருக்கும் வளர்பிறை வேண்டும், ஞாயிற்றுக்கிழமையாக வேண்டும். ஒரே தேதிக்கு நான்கு வீட்டார் கேட்பார்கள், மூன்று பேரைத் திருப்பி அனுப்புவீர்கள். அடுத்த மூன்று வாரம் சும்மா உட்கார்ந்து கேமரா துடைப்பீர்கள்.

ஆறு மாதச் சம்பளம் என்கிறீர்கள். 3,48,000. இரண்டாவது கேமரா பாடி இருக்கிறதா? இல்லையென்றால் அதில் பாதி முதல் வாரமே போய்விடும்.

13 ஜூன் 2023

ஒரு திருத்தம். ஐடியில் மூன்று மாத நோட்டீஸ் உண்டு என்பதை மறந்தே போனேன். பனியன் கம்பெனியில் அந்த வழக்கமெல்லாம் இல்லை, ஒரு மாதம் இருந்தால் பெரிது. அப்படியானால் ஜூன் கடைசியில் பேப்பர் போட்டால் செப்டம்பர் கடைசியில்தான் வெளியே வருவீர்கள். ஆடி தப்பியது. ஆனால் நேராகப் புரட்டாசியில் போய் விழுகிறீர்கள்.

அதே நாள், மாலை

இன்னொரு திருத்தம். ஆடி, மார்கழி எல்லாம் இந்து வீட்டுக் கணக்கு என்று ஒரு நண்பர் சுட்டிக்காட்டினார். சரிதான். கிறிஸ்தவர்கள் தவக்காலத்தில் வைக்க மாட்டார்கள், முஸ்லிம் வீடுகளில் ரமலானில் வைப்பது அபூர்வம். கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு சர்ச் கல்யாணங்கள் வரிசையாக வரும். பல மார்கழிகளில் எனக்குச் சோறு போட்டவை அவைதான். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

16 ஜூன் 2023

அந்த 22 ஆர்டரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றிலும் எவ்வளவு நின்றது என்று எழுதி வைத்திருக்கிறீர்களா? நான் வேலையில் இருந்தபோது 14 கல்யாணம் எடுத்தேன். ஒன்றுக்கு 25,000 வாங்கி, உதவிக்கு வந்தவனுக்கு 3,000, ஆல்பத்துக்கு 7,000 கொடுத்து, 15,000 லாபம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த 15,000 பொய்.

லேப்டாப் சம்பளத்தில் வாங்கியது. கரண்ட், இன்டர்நெட், பெட்ரோல் எல்லாம் சம்பளத்தில் போனது. ராத்திரி ஒரு மணிவரை உட்கார்ந்து 3,000 படத்தில் 400 பொறுக்கி எடுத்து நிறம் சரிசெய்ததற்குக் கூலியே போடவில்லை. கேமரா தேய்ந்ததையும் கணக்கில் சேர்க்கவில்லை. என்னுடையது நிக்கான் டி750. அதன் ஷட்டர் 1,50,000 கிளிக் தாங்கும் என்று நிக்கானே சொல்கிறது. கல்யாணத்துக்கு 3,000 என்றால் 50 கல்யாணம். லட்ச ரூபாய் சாமானை 50 கல்யாணத்தில் கரைத்தால் ஒரு கல்யாணத்துக்கு 2,000. நடைமுறையில் அதற்கு மேலும் ஓடும். என்னுடையது 2,10,000 ஓடியது. ஆனால் எந்த வீட்டில், எந்த நிமிடத்தில் நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது. கெட்டிமேளம் கொட்டும்போது நின்றால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். இரண்டாவது பாடியைக் கேட்டது அதனால்தான்.

முழுநேரம் ஆனதும் இந்தச் செலவெல்லாம் வரிசையில் வந்து நின்றது. வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். அந்த ஒரு கவலையை மட்டும் இந்தத் தொழில் எனக்கு இன்னும் தரவில்லை.

17 ஜூன் 2023

புகழ்பெற்ற போட்டோகிராபர் சல்காடோவை ஒருவர் இழுத்திருக்கிறார். அவரும் வேலையை விட்டவர்தானே, யோசித்துக்கொண்டா இருந்தார் என்று.

விட்டவர்தான். பிரேசில்காரர், பொருளாதாரம் படித்தவர். லண்டனில் சர்வதேச காபி அமைப்பில் வேலை, அந்த வேலையாக ஆப்பிரிக்காவுக்குப் போய்வந்தார். 1973இல் விட்டார். ஆனால் முதலில் கையில் எடுத்த கேமரா அவருடையது அல்ல. மனைவி லேலியா தன் கட்டடக்கலைப் படிப்புக்காக வாங்கியது. மேக்னம் என்ற பெரிய போட்டோகிராபர்கள் அமைப்பில் சேர்ந்தது 1979இல். நடுவில் ஆறு வருடம் சிக்மா, காமா என்று ஏஜென்சிகளில் செய்திப்படம் எடுத்துச் சம்பாதித்திருக்கிறார். தங்கச் சுரங்கத்தில் ஏணி ஏணியாக ஆட்கள் ஏறும் படத்தைப் பார்க்கிறோம், நடுவில் இருந்த ஆறு வருடத்தைப் பார்ப்பதில்லை.

லேலியா என்றதும் என் வீட்டம்மா ஞாபகம் வந்தது. 2016 ஆடியில் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது அவள் தனியார் பள்ளியில் வாங்கிய 12,000 ரூபாயில். "பிடித்ததைச் செய்கிறேன்" என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் பிடிக்காத ஒன்பதாம் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். இதை அவளிடம் சொல்ல எனக்கு நான்கு வருடம் ஆயிற்று.

20 ஜூன் 2023

வேலையை விட்டதை என் மாமனார் எப்படி எடுத்துக்கொண்டார் என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் இன்றுவரை சொந்தக்காரர்களிடம் "மாப்பிள்ளை எக்ஸ்போர்ட்ஸ்ல இருக்கார்" என்றுதான் சொல்கிறார். ஏழு வருடம் ஆகிவிட்டது. போன மாதம் ஒரு காதுகுத்தில் கழுத்தில் இரண்டு கேமரா தொங்க நின்றுகொண்டிருக்கிறேன், பக்கத்திலேயே நின்று அப்படிச் சொல்கிறார். கேட்டவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஓ, கேமரா எக்ஸ்போர்ட்டா?" என்றார்.

சொந்தக்காரர் கல்யாணங்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். "மாப்ளே, வரும்போது கேமராவையும் எடுத்துட்டு வந்துரு" என்பதற்கு ஒரே பதில்தான் உண்டு. அதைச் சொன்னால் உறவு போய்விடும். நான் இரண்டு உறவை இழந்து, ஐந்து ஆல்பத்துக்கு என் காசைப் போட்டிருக்கிறேன்.

2 ஜூலை 2023

நோட்டு செல்லாமல் போன கதையைச் சொல்கிறேன்.

2016 நவம்பர் 8, செவ்வாய்க்கிழமை இரவு. ஐப்பசியில் பாக்கி ஒன்று, கார்த்திகையில் நான்கு என்று ஐந்து ஆர்டர் கையில் இருந்தது. 500, 1,000 செல்லாது என்றார்கள். கல்யாண வீட்டுக்கு 2,50,000 வரை வங்கியில் எடுக்கலாம் என்று பிறகு சொன்னார்கள், அதற்குப் பத்திரிகை, பில் என்று ஆயிரம் காகிதம். மண்டபத்துக்குக் கொடுப்பார்களா, சமையல்காரருக்குக் கொடுப்பார்களா, எனக்குக் கொடுப்பார்களா? இரண்டு வீட்டார் கேன்டிட் (போஸ் கொடுக்காமல் இயல்பாக எடுக்கும் படம்) வேண்டாம், லோக்கல் ஸ்டூடியோவே போதும் என்றார்கள். ஒருவர் தயங்கித் தயங்கி, "பழைய நோட்டாத் தரட்டுங்களா, இருக்கறதை வாங்கிக்குங்க" என்றார். வாங்கிக்கொண்டேன். அதை மாற்ற வங்கி வரிசையில் நின்றபோது முன்னால் நின்றவர் என் பழைய கம்பெனி கட்டிங் மாஸ்டர். "என்ன சார், இந்நேரம் ஆபீஸ்ல இருக்கோணுமே?" என்று கேட்டார். விட்டுவிட்டேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. "லீவு" என்றேன்.

இதற்கு நான் பொறுப்பில்லைதான். ஆனால் அன்றைக்கு என் கையில் 40,000 கூட இல்லை, அதற்கு நான்தான் பொறுப்பு. வேலையை விட்டபோது 1,60,000 இருந்தது. ஆகஸ்டில் 70-200 லென்ஸ் வாங்கினேன். வருமானம் இல்லாத மாதத்தில், முதலீடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு.

18 ஜூலை 2023

நேற்று ஆடி பிறந்தது. போன் அடிக்கவில்லை. ஆனால் இன்று 140 பீஸ் எடுத்தேன். என்ன பீஸ் என்று நாளை எழுதுகிறேன், முதுகு வலிக்கிறது.

19 ஜூலை 2023

நான் எதில் பிழைக்கிறேன் என்று இதுவரை சொல்லவில்லை. கொஞ்சம் வெட்கம்தான் காரணம்.

2016 டிசம்பரில் பழைய கூட்டாளி ஒருவர் போன் செய்தார். காதர்பேட்டையில் மொத்த வியாபாரம் செய்தவர், நோட்டுப் பிரச்சினைக்குப் பிறகு ஆன்லைனில் விற்றுப் பார்க்கலாம் என்று இறங்கியிருந்தார். 60 டி-ஷர்ட்டைப் படம் எடுத்துத் தரணும், பீஸுக்கு 40 ரூபாய். "நான் கேன்டிட் போட்டோகிராபர்ங்க, பனியன் எல்லாம் எடுக்கறதில்லை" என்று சொல்லி வைத்துவிட்டேன். மனைவி பக்கத்தில் இருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. 60ஐ 40ஆல் பெருக்கி, சிலிண்டர் புக் செய்யும் சீட்டின் பின்னால் 2,400 என்று எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினாள். அரை மணி நேரம் கழித்து நானே திருப்பி அழைத்தேன்.

பனியனை எடுப்பது சுலபம் என்று நினைத்துப் போனேன். முதல் லாட் முழுக்கத் திரும்பி வந்தது. அமேசானில் முதல் படத்துக்குப் பின்னணி சுத்த வெள்ளையாக இருக்க வேண்டும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 255. சரக்கு படத்தில் 85 சதவீதம் நிறைந்திருக்க வேண்டும். என் வெள்ளை கண்ணுக்குத்தான் வெள்ளை, கம்ப்யூட்டருக்குச் சாம்பல். பின்னணிக்கு லைட்டைக் கூட்டினேன். அது வெள்ளையானது. ஆனால் வெள்ளை பனியன் காணாமல் போய்விட்டது. கழுத்துப் பட்டியும் லேபிளும் மட்டும் அந்தரத்தில் தொங்கின.

ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் பிடிபட்டது இவ்வளவுதான்: பனியனுக்கு இரண்டு பக்கமும், படத்தில் விழாத தூரத்தில், கறுப்பு சார்ட் அட்டையை நிறுத்த வேண்டும். ஓரங்களில் மெல்லிய சாம்பல் கோடு விழும். பனியன் திரும்பி வந்துவிடும். தெருமுனை ஸ்டேஷனரிக் கடையில் 10 ரூபாய் அட்டை. லட்ச ரூபாய் லென்ஸ் செய்யாததை அது செய்தது.

அடுத்தது நிறம். நேவி ப்ளூவை வாங்கியவர்கள் கறுப்பு வந்திருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். மெரூன் சிவப்பாகத் தெரிந்தது. வியாபாரி கத்தினார். அங்கேதான் என் பழைய வேலை கைகொடுத்தது. மெர்ச்சண்டைசருக்கு நாள் முழுக்க இதே பஞ்சாயத்துதான். டையிங்கிலிருந்து லேப் டிப், அதாவது சாயம் ஏற்றிய மாதிரித் துண்டு வரும். லைட் பாக்ஸில் வைத்து டி65இல் ஒருமுறை, டிஎல்84இல் ஒருமுறை பார்ப்போம். முன்னது பகல் வெளிச்சம் மாதிரி, பின்னது கடைகளில் எரியும் டியூப் லைட். ஒன்றில் பொருந்தி இன்னொன்றில் பொருந்தாத நிறம் உண்டு, அதற்கு மெட்டமெரிசம் என்று பெயர். பையர் அதைக் காரணம் காட்டிச் சரக்கையே தள்ளிவிடுவார்.

அவருடைய குடோனில் நான் ஃபிளாஷ் போட்டு எடுத்தபோது மேலே டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது, ஜன்னல் வழியாக வெயிலும் வந்தது. மூன்று வெளிச்சம், மூன்று நிறம். டியூப் லைட்டை அணைத்தேன், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினேன், முதல் படத்தில் கலர் கார்டை வைத்தேன். துணியில் ஒரு துண்டை வெட்டி மானிட்டருக்குப் பக்கத்தில் பிடித்து நிறத்தைச் சேர்த்தேன். அதற்குப் பிறகு நிறம் மாறியதாகச் சரக்கு திரும்புவது பெரும்பாலும் நின்றது. "நீங்க இன்னும் மெர்ச்சண்டைசர் மாதிரியேதான் பேசறீங்க" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

அவர் இன்னும் இரண்டு பேரைச் சொன்னார். அந்த இருவர் ஐந்து பேரைச் சொன்னார்கள். இப்போது பீஸுக்கு 70, முன், பின், லேபிள் என்று மூன்று படம். என் வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கு இதுதான். இதற்கு ஆடியும் கிடையாது, மார்கழியும் கிடையாது. தீபாவளிச் சரக்குக்குப் படம் எடுப்பதே ஆடியில்தான்.

2020இல் கல்யாணம் எல்லாம் நின்று, பிறகு 50 பேருக்குள் நடத்தலாம் என்றார்கள். 50 பேரில் போட்டோகிராபர் எங்கே வருவான்? திருப்பூரே மாஸ்க் தைக்க உட்கார்ந்தது. அந்த ஜூனில் நான் எடுத்தது முழுக்க மாஸ்க். முகமே இல்லாத மாஸ்க்.

23 ஜூலை 2023

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார்: "பனியனை எடுப்பதெல்லாம் போட்டோகிராபியா அண்ணா? அதற்கு நீங்கள் வேலையிலேயே இருந்திருக்கலாமே."

ஐந்து நாளாகப் பதில் எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன்.

அதே நாள், இரவு

ஐந்து நாள் இல்லை, மூன்று நாள்தான். கோபத்தில் எண்ணிக்கை தப்பிவிட்டது.

26 ஜூலை 2023

வேறு விஷயம். முன்பு இங்கே ஒருவருக்குச் சொன்னேன், வேலையை விட்டபோது கிராஜுவிட்டி (பணிக்கொடை) கிடைக்கவில்லை, ஐந்து வருடம் முடியவில்லை என்று. நான்கு வருடம் 240 நாள் ஆகியிருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது என்று ஒருவர் பதில் போட்டிருக்கிறார். விசாரித்தேன், உண்மைதான். உடனே பழைய ஆர்டர் லெட்டரைத் தேடி எடுத்தேன். சேர்ந்தது 2011 டிசம்பர் 12. ஐந்தாம் வருடம் தொடங்கியது 2015 டிசம்பர் 12. அதிலிருந்து ஜூலை 31 வரை விரல் விட்டு எண்ணினேன். 2016 லீப் வருடம், பிப்ரவரிக்கு ஒரு நாள் கூடக் கிடைத்தது. 233 வந்தது.

ஏழு நாள். ஏழே நாள்.

பேசிக் 14,000. அதை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கி, ஐந்து வருடத்துக்கு 40,000 சொச்சம். அப்போதைய விலையில் ஒரு 85 எம்எம் லென்ஸ் வாங்கி மீதியும் இருந்திருக்கும். ஆடிப்பெருக்குக்கு பவானி போகணும் என்ற அவசரத்துக்குக் கொடுத்த விலை. பிஎஃப் பணத்திலும் ஐந்து வருடம் ஆகவில்லை என்று வரி பிடித்தார்கள். தம்பி, நீங்கள் சேர்ந்த தேதியை இப்போதே போய்ப் பாருங்கள். படித்து முடித்த பிறகு அல்ல, இப்போதே.

9 ஆகஸ்ட் 2023

தம்பி சேர்ந்தது 2018 நவம்பரில். நவம்பர் தாண்டினால் ஐந்து வருடம். "அப்போ தீபாவளி போனஸையும் வாங்கிக்கொண்டே போடுகிறேன்" என்கிறார். பிழைத்துக்கொள்வார்.

11 செப்டம்பர் 2023

ஆவணி முழுக்க ஓட்டம், எழுத நேரமில்லை. ஒரு கல்யாணத்தில் மணமேடையில் ஹோமப் புகை, எதிரே வீடியோக்காரரின் லைட், தாலி கட்டும் நொடியில் மணமகனின் சித்தப்பா தன் போனைத் தூக்கிக்கொண்டு குறுக்கே வந்தார். அட்சதை மழையில் என் லென்ஸ் எங்கே ஃபோகஸ் செய்தது தெரியுமா? சித்தப்பாவின் போன் திரையில். அதில் தாலி கட்டுவது தெளிவாகத் தெரிகிறது. அந்த வீட்டாருக்கு அந்தப் படம்தான் ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆல்பத்தில் முழுப் பக்கம் கேட்கிறார்கள். என் முகத்தில்தான் ஈயாடவில்லை.

சாப்பாடு வழக்கம்போலக் கடைசிப் பந்தி. ரசம் தீர்ந்திருந்தது.

30 செப்டம்பர் 2023

2018இல் ஒரு மணப்பெண்ணின் படத்தை என் பேஸ்புக் பக்கத்தில் போட்டேன். மருதாணிக் கையால் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்கிற படம், எனக்கு ரொம்பப் பிடித்தது. பெண்ணின் அண்ணன் போன் செய்தார். "யாரைக் கேட்டுப் போட்டீங்க?" நான் எடுத்த படம் எனக்குச் சொந்தம் என்று வாதாடினேன். அவர் குரல் ஏறியது, எடுத்துவிட்டேன். ஆனால் சட்டம் என் பக்கம் என்றே ஐந்து வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். புதிதாக வருகிற பையன்களுக்கும் அப்படியே சொல்லிக் கொடுத்தேன்.

போன வாரம் ஒரு வக்கீல் வீட்டு நிச்சயதார்த்தம் எடுத்தபோது பேச்சுவாக்கில் கேட்டேன். சிரித்துவிட்டார். 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவு: ஒருவர் காசு கொடுத்துக் கேட்டு எடுக்கிற போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், அவர்தான் முதல் உரிமையாளர். அதாவது கல்யாண வீட்டார். நான் இல்லை. இப்போது அட்வான்ஸ் ரசீதின் கீழே இரண்டு வரி சேர்த்திருக்கிறேன், எந்தப் படத்தை எங்கே போடலாம் என்று அவர்களே டிக் செய்கிறார்கள். பாதிப் பேர் எதையும் டிக் செய்வதில்லை. அவர்கள் வீட்டுப் பெண், அவர்கள் இஷ்டம். அந்த அண்ணனின் நம்பர் இருக்கிறது. கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசிக்கிறேன்.

5 நவம்பர் 2023

மழை விடவில்லை. லென்ஸில் பூஞ்சை வந்ததாக மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். அரிசி டப்பாவில் போடாதீர்கள், மாவுத் தூசி உள்ளே போகும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், 200 ரூபாய்க்கு ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். 40க்கும் 50க்கும் நடுவில் முள் நின்றால் போதும். நான் போடும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், வேலையை விட்ட அன்று எக்ஸ்போர்ட் அட்டைப்பெட்டிக்குப் போடுவதிலிருந்து ஒரு கை அள்ளி வந்தவை. வெயிலில் காயவைத்துக் காயவைத்து இன்னும் ஓட்டுகிறேன். கிராஜுவிட்டிக்குப் பதில் அதுதான் கிடைத்தது.

26 நவம்பர் 2023

ஜூலையில் கேட்ட கேள்விக்கு இப்போது பதில். பனியனை எடுப்பது போட்டோகிராபியா?

சிகாகோவில் விவியன் மேயர் என்று ஒரு பெண் இருந்தார். காலமெல்லாம் பணக்கார வீடுகளில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலை. ஓய்வு நேரத்தில் தெருவில் எடுத்த படங்கள் லட்சத்துக்கு மேல். பெரும்பாலும் யாருக்கும் காட்டவில்லை, பல ரோல்களைக் கழுவக்கூட இல்லை. 2007இல் அவர் வைத்திருந்த பெட்டிகள் ஏலத்துக்குப் போனபோதுதான் வெளியே தெரிந்தது, 2009இல் அவர் இறந்துவிட்டார். வேலையையும் விடவில்லை, முழுநேரமும் ஆகவில்லை. அவரைப் போட்டோகிராபர் இல்லை என்று இன்று யாராவது சொல்வார்களா?

இதை எழுதிவிட்டுத் திரும்பப் படித்தால், இது உங்களுக்குப் பதில் இல்லை. எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் சமாதானம். உள்ளதைச் சொல்கிறேன். 2016இல் விட்ட பிறகு என் வருமானம் பழைய சம்பளத்தைத் தொட்டது 2019இல்தான், மூன்று வருடம் கழித்து. உடனே கொரோனா வந்தது. இன்று சம்பளத்துக்கு மேல் வருகிறது. ஆனால் பவானிக்கு இந்த ஆடிப்பெருக்குக்கு நான் போகவில்லை. 140 பீஸ் இருந்தது. போன வருடமும் போகவில்லை. வேலையில் இருந்தபோது லீவு போட்டுவிட்டு வருடா வருடம் போனேன்.

அப்படியென்றால் திரும்ப வேலைக்குப் போகலாமே என்று கேட்பீர்கள். 2021இல் கேட்டார்கள், 55,000 தருகிறோம் வாருங்கள் என்று. இரண்டு நாள் யோசித்தேன். மறுபடி யாரோ ஒருவரின் மெயிலுக்குப் பயந்து ஆறு மணிக்கு எழுவதை நினைத்தேன். முடியாது என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டால் என்னிடம் இல்லை. ஒன்பது மணிக்கு எழுந்த அந்த ஆகஸ்ட் 1 ஆக இருக்கலாம். இப்போதும் ஆறுக்கேதான் எழுகிறேன் என்பது வேறு விஷயம்.

28 நவம்பர் 2023

மேலே 55,000 என்று எழுதியதை வீட்டம்மா படித்துவிட்டாள். 52,000தானாம். அவளுக்குத்தான் சரியாக ஞாபகம் இருக்கும்.

3 ஜனவரி 2024

தம்பி இன்னும் பேப்பர் போடவில்லை. ஐந்து வருடம் முடிந்தது, போனஸ் வாங்கியாயிற்று, இப்போது ஏப்ரல் இன்கிரிமென்ட் பார்த்துவிட்டு என்கிறார். கேலி செய்யவில்லை. ஜூனில் அவசரமாகக் கேட்டவர் இன்று வரவு செலவுக்கு நோட்டுப் போட்டிருக்கிறார். 22 ஆர்டரில் உண்மையில் நின்றது ஒன்றுக்கு 6,000தான் என்று எழுதியிருக்கிறார். என்னைவிட யோக்கியமான கணக்கு.

அவர் படங்களையும் பார்த்தேன், இதுவரை கேட்காமலே பேசிக்கொண்டிருந்தேன். வெளிச்சம் பிடிக்கத் தெரிந்தவர். ஒரு பாட்டி மொய் நோட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சுருக்குப் பையை அவிழ்க்கிற படம், எனக்குப் பொறாமையாக இருந்தது.

19 ஜனவரி 2024

தம்பி, அவசரம். ஞாயிறு அவிநாசியில் முகூர்த்தம், காலை 4.30 முதல் 6. என்னோடு வரவேண்டிய பையனுக்குக் காய்ச்சல். கோவையிலிருந்து உங்களுக்கு ஒரு மணி நேரம்தான். 3,500 தருகிறேன், அன்றே கையில். இரண்டு கார்டிலும் பதிவாகிற மாதிரி செட் செய்துகொண்டு வாருங்கள். மணமகள் பக்கம் நீங்கள், மேடை நான். சித்தப்பா யாராவது போனோடு எழுந்தால் அவரை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு கடைசிப் பந்திதான். வரும் வழியில் எதையாவது வயிற்றுக்குப் போட்டுக்கொண்டு வாருங்கள்.